கண்ணாடிக் கூட்டின் மூலைத் தையல்

எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க ஒரே வாக்குவாதம்தான் நடந்தது. மணிபர்சைக் கையால் தைப்பதா, மெஷினில் தைப்பதா. அக்கம்பக்கத்து வீடுகளில் சண்டை போட மண்ணெண்ணெய், கப்பல் டிக்கெட், குடி என்று எத்தனையோ விஷயங்கள் இருந்தன. எங்கள் வீட்டில் தையல். அம்மா ஒரு கட்சி, சித்தப்பா ஒரு கட்சி. அப்பா வாயைத் திறக்கமாட்டார். ஆனாலும் அவர் அம்மாவின் கட்சி என்பது எல்லோருக்கும் தெரியும். நான் சித்தப்பாவின் கட்சி. என்னை யாரும் கேட்கவில்லை.

அப்போது நாங்கள் பாம்பூ பிளாட்டில் இருந்தோம். போர்ட் பிளேயரின் சாத்தம் ஜெட்டியில் போட் ஏறினால் எதிர்க்கரை. அப்பாவுக்கு ஜெட்டியில் அரசாங்க வேலை. பெரிய வேலை இல்லை, கயிறும் சங்கிலியும் வைத்திருக்கிற கிடங்கைத் திறந்து பூட்டுவது. அவர் வந்து பல வருஷம் கழித்துத்தான் சித்தப்பா மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தார். திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊர். வரும்போது துணிப்பையோடு ஒரு மரப்பெட்டியும் கொண்டுவந்தார். அதற்குள் தோல் வெட்டும் கத்திகள், குத்தூசிகள், ஒரு மெழுகு உருண்டை, ஒரு சின்னச் சுத்தியல். கப்பலைவிட்டு இறங்கியதுமே அப்பா அந்தப் பெட்டியின் மேல் தன் துண்டைப் போட்டு மூடித்தான் வீட்டுக்குத் தூக்கிவந்தாராம். மழை என்பதால் மூடியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பா செய்ததெல்லாம் சின்னச் சாமான்கள். சாவிக்கூடு, சில்லறைப் பை, மணிபர்ஸ், மூக்குக்கண்ணாடிக் கூடு, காட்டு வேலைக்குப் போகிறவர்கள் இடுப்பில் தொங்கவிடும் கத்திக்கு உறை. செருப்பு மட்டும் செய்யமாட்டார். செய்யத் தெரியும். அப்பா கூடாது என்று சொல்லியிருந்தார். அப்பாவுக்குச் செருப்பின் மேல் என்ன கோபம் என்று எனக்குத் தெரியவில்லை.

வேலை செய்கிற இடம் வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், விறகுக்கும் தேங்காய் மட்டைக்கும் நடுவில். யாராவது ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டால், தோலுக்கு வெயில் ஆகாது என்று அப்பா சொல்வார். வருஷத்தில் பாதி நாள் வெயிலே வராத ஊர் அது. தோலுக்கு ஆகாதது மழைதான். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் பச்சையாகப் பூசணம் படர்ந்துவிடும். சித்தப்பா தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

அவர் தைப்பதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். தரையில் உட்கார்ந்து, முழங்கால்களை அகட்டி, இரண்டு பாதங்களையும் ஒன்றோடொன்று சேர்த்து, தோலை அதன் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். கும்பிடுகிற கைகளைப் போலக் கால்கள் இருக்கும். குத்தூசியால் ஓட்டை போடுவார். ஒரே நூலின் இரண்டு நுனியிலும் இரண்டு ஊசி. ஒன்று இந்தப் பக்கமிருந்தும் மற்றொன்று அந்தப் பக்கமிருந்தும் அதே ஓட்டைக்குள் நுழையும். பிறகு இரண்டு கையையும் அகல விரித்து ஒரு இழு. நூல் வண்டூரில் மீன்காரர்களிடம் வாங்கிய வலை நூல். அதைப் பிரித்து, மெழுகில் உருவி எடுத்துக்கொள்வார். உப்பில் ஊறியே கிடக்கிற நூல், அதற்கா மழை ஒரு பொருட்டு என்பார்.

அம்மாவின் மெஷின் முன்னறையில் ஜன்னலோரம் இருந்தது. காலால் மிதிக்கிற மெஷின். மாற்றலாகிப் போன ஒரு வங்காளிக் குடும்பத்திடமிருந்து வாங்கியது. அம்மா அதில் ஜாக்கெட்டும் பள்ளிக்கூடச் சட்டைகளும் தைத்தாள். அந்த மழைக்காலத்தில் போர்ட் பிளேயர் பஜாரின் சேட் ஒருவர் சித்தப்பாவின் பர்சைப் பார்த்துவிட்டு, சீசனுக்கு நிறைய வேண்டும் என்றார். படகில் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் இந்த மாதிரிச் சாமானை விரும்பி வாங்குகிறார்களாம். "ஹாத் கா சிலாய் ஹோ, லேகின் ஜல்தி ஹோ" என்றார் சேட். கையால் தைத்ததாகவும் இருக்க வேண்டும், சீக்கிரமும் வேண்டும். வாக்குவாதம் அங்கேதான் ஆரம்பித்தது.

"மெஷின்ல போடுங்க தம்பி" என்றாள் அம்மா. "தடிச்ச ஊசி ஒண்ணு வாங்கிக்கிட்டா நானே ஓட்டிருவேன். நீங்க ஒண்ணத் தைச்சு முடிக்கிறதுக்குள்ள நான் உலை வச்சு, குழம்பு வச்சு, கூடை நிறையத் தைச்சுப் போட்ருவேன்."

"போடுவீங்க அண்ணி. குழம்பு மாதிரியே ரெண்டு நாள்ல ஊசிப் போகும்."

"என் குழம்ப வழிச்சு நக்குறப்ப இது தெரியலயாக்கும்."

சித்தப்பா விடவில்லை. அம்மா மெஷினில் தைத்த சில்லறைப் பை ஒன்று, தான் கையால் தைத்தது ஒன்று, இரண்டையும் கயிற்றில் கட்டி ஜெட்டித் தூணோரம் கடலில் தொங்கவிட்டார். போட்டுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் என்ன மீன் பிடிக்கிறாய் என்று கேட்டார்கள். சில நாள் கழித்து எடுத்துவந்து, வீட்டில் அப்பா முன்னால் வைத்து, ஒரு பிளேடால் இரண்டிலும் ஒரே ஒரு தையலை அறுத்தார். மெஷின் பையில் அறுத்த இடத்தில் நகத்தால் நூலைப் பிடித்து இழுத்தார். மெஷின் தையலில் மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல்; ஒன்று அறுந்தால் மற்றொன்றுக்குப் பிடிப்பு இல்லை. சரசரவென்று பை வாயைப் பிளந்துவிட்டது. கைத்தையல் பையை அவர் இழுத்தார், நான் இழுத்தேன், பக்கத்து வீட்டுப் பையன் பல்லால் கடித்து இழுத்தான். அறுத்த தையல் ஒன்றுதான் போயிருந்தது. மற்றவை அப்படியே நின்றன.

"சரி" என்றாள் அம்மா. "வாங்குறவன் பிளேடு வச்சு அறுக்கவா வாங்குறான்?"

அப்பா இரண்டு பையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் மாதிரி ஒன்று வந்தது. கைத்தையலின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "மெஷின்லயே போடு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

எனக்கு அது பெரிய அநியாயமாகத் தோன்றியது. ஜெயித்தவனுக்குத் தோல்வி என்று தீர்ப்புச் சொல்கிற மாதிரி இருந்தது. சித்தப்பா பெட்டியை மூடினார்.

அந்த நேரத்தில்தான் அவருக்குச் சம்பந்தம் ஒன்று வந்தது. அப்பாவோடு ஜெட்டியில் இருந்த ஒருவர் கொண்டுவந்தது. பெண்ணின் அப்பா போர்ட் பிளேயரில் கான்ட்ராக்டர். ரோடு போடுகிற இடத்துக்கு மணலும் ஜல்லியும் லாரியில் அடிப்பவர். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து பல காலம் ஆகிவிட்டதாம், சொந்த வீடு, மூத்த பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று, இது இளையவள். சித்தப்பா அவளை ஒரு தடவை கோயிலில் தூரத்திலிருந்து பார்த்திருந்தார். அதற்குப் பிறகு அவர் தலையை ஒரு மாதிரியாக வழித்துச் சீவ ஆரம்பித்தார். கடலில் பை தொங்கவிட்டவர், சேட்டிடம் ஹிந்தியில் சண்டை போட்டவர், அந்தப் பெண்ணின் பேச்சு வந்தால் மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார். ஊரில் யாரும் அவருக்குப் பெண் தரவில்லையா என்று நான் அம்மாவிடம் கேட்டேன். "ஊர்ப் பேச்ச இங்க எடுக்காத" என்றாள்.

மாப்பிள்ளை வீடு பார்க்கக் கான்ட்ராக்டரும் அவர் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முன்தினமே வீட்டில் பெரிய வேலை நடந்தது. பின்கொட்டகைத் தோல்களை எல்லாம் அம்மா சாக்கில் கட்டினாள். நல்லதாக நாலைந்து பர்சை மட்டும் எடுத்து முன்னறை மெஷின் மேல் அடுக்கினாள். ஒரு பர்சை ஊசிக்குக் கீழே, பாதி தைத்து நிறுத்தின மாதிரி வைத்தாள். போட்டோ எடுக்க வைத்ததைப் போல அழகாக இருந்தது. மரப்பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று.

"லெதர் பிசினஸ்னு சொல்லு" என்றார் அப்பா. "மெஷின் வச்சிருக்கோம், ஆர்டர் வருதுன்னு சொல்லு. வேற எதுவும் கேட்டா நான் பேசிக்கிறேன்."

சித்தப்பாவின் விரல் நகங்களில் மெழுகும் சாயமும் கறுப்பாக ஏறியிருந்தன. அம்மா எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கொடுத்தாள். கால்களைத்தான் ஒன்றும் செய்யமுடியவில்லை. பாதத்தின் உட்பக்கம், தோலைப் பிடிக்கிற இடத்தில், இரண்டு காலிலும் காய்த்துப் போய்ப் பழுப்பு நிறத்தில் கறை படிந்திருந்தது. அம்மா தேங்காய் நாரைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னாள். தேய்த்ததில் அது பளபளப்புத்தான் ஆயிற்று.

"விடுங்க அண்ணி, மாப்பிள்ளை காலையா பாக்க வர்றாக?"

"பாப்பாக. மடக்கியே உக்காருங்க."

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. அவர்கள் போட்டிலிருந்து இறங்கி நனைந்துகொண்டே வந்தார்கள். கான்ட்ராக்டர் கட்டையான, நிதானமான மனிதர். தலையில் நிறைய எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். பேச்சில் ஹிந்தி தாராளமாகக் கலக்கும். அவர் மனைவி அதிகம் பேசவில்லை. வீட்டின் நான்கு மூலைகளையும் பார்த்துவிட்டு, அம்மா தைத்த ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"திண்டுக்கல்ல எங்கிட்டு நீங்க?" என்றார் கான்ட்ராக்டர்.

"பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம்தான்" என்றார் அப்பா. "நீங்க மதுரையில?"

"அங்கிட்டுத்தான், டவுனுக்கு வெளிய. பஹுத் சால் ஹோ கயா, எத்தனையோ வருஷம் ஆச்சு. இப்ப யாரு இருக்கா அங்க?"

அதோடு இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்கு மெயின்லேண்டிலிருந்து புதிதாக வருகிற தமிழ் ஆட்கள் இப்படி நிறுத்தமாட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம், எந்தத் தெரு, யார் வீட்டுக்கு எதிரில் என்று கேட்டுக்கொண்டே போவார்கள், அப்பா வியர்த்துப் போவார். கான்ட்ராக்டர் எதையும் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் மற்றவரை மிகவும் பிடித்துவிட்டது என்பது தெரிந்தது.

"இந்தத் தீவுல எனக்குப் பிடிச்சதே அதான்" என்றார் கான்ட்ராக்டர். "எவனும் எவனையும் ஒண்ணும் கேக்கமாட்டான். வேலை செய்யி, சோறு தின்னு. அவ்வளவுதான்."

"உண்மைதாங்க" என்றார் அப்பா. அவ்வளவு அழுத்தமாக அவர் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

அம்மா கேசரி கொண்டுவந்தாள். பர்சுகளைக் கொடுத்தாள். பார்ப்பதற்காகக் கான்ட்ராக்டர் சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தார். மழையில் ஊறியிருந்த தோல் கூடு அது. திறக்கும்போது ஒரு பக்கத் தையல் நூல் நூலாக வெளியே வந்து, மூலையோடு பிளந்து, கண்ணாடி தரையில் விழுந்தது. நல்லவேளை உடையவில்லை.

"போச்சா" என்று சிரித்தார். "மெட்ராஸ்ல வாங்கினது. மெஷின் தையல் பாருங்க, ஒண்ணு போனா எல்லாம் போயிரும்."

சித்தப்பாவால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். மழைக்காலம் முழுக்க அவர் சொன்னதை, வந்த விருந்தாளி ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

"குடுங்க சார், தைச்சுத் தர்றேன்."

"மெஷின்ல ஒரு ஓட்டு ஓட்டிக் குடுங்க தம்பி" என்றாள் அம்மா அவசரமாக.

சித்தப்பா மெஷினில் உட்கார்ந்தார். கூடு கெட்டித் தோல். மூலையில் மூன்று மடிப்பு ஒன்றாகச் சேர்கிறது. மெஷினின் காலுக்கு அடியில் அது நுழையவே இல்லை. சாய்த்து, திணித்து, ஒரு மிதி மிதித்தார். டக்கென்று ஊசி முறிந்து ஜன்னல் கட்டையில் போய் விழுந்தது.

"பழசுதானே தம்பி, விடுங்க" என்றார் கான்ட்ராக்டரின் மனைவி.

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா எழுந்து, குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து மரப்பெட்டியை இழுத்தார். அது சிமெண்டுத் தரையில் உரசிய சத்தம் நீளமாகக் கேட்டது. எனக்கு ஒரே பெருமை. இப்போது தெரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன்.

நூலை மெழுகில் உருவி, இரண்டு ஊசி கோத்து, தரையில் உட்கார்ந்தார். முதலில் கூட்டை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்தார். அம்மா சொன்னது ஞாபகம் இருந்திருக்கும். கூடு வழுக்கிக்கொண்டே போயிற்று. இரண்டு மூன்று தடவை அப்படிப் போனதும், பாதங்களைச் சேர்த்து, நடுவில் கூட்டை வைத்து, எப்போதும் போல இறுக்கிக்கொண்டார்.

குத்தூசி இறங்கும், இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போகும், கைகள் விரியும். பழைய ஓட்டைகள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருந்ததால் அவற்றை விட்டுவிட்டு, புதிதாகத் தள்ளித் தள்ளி ஓட்டை போட்டார். கான்ட்ராக்டரின் மனைவி சித்தப்பாவின் கால்களையே பார்த்தார். கான்ட்ராக்டர் கைகளைப் பார்த்தார். சாய்ந்திருந்தவர் மெல்ல மெல்ல நாற்காலியின் முனைக்கு வந்துவிட்டார்.

மூலைக்கு வந்ததும் வேலை நின்றது. ஊறிய தோல் மூன்று மடிப்பில் குத்தூசி இறங்கவில்லை. சித்தப்பா அழுத்தினார். கூடு கால்களுக்கு நடுவில் திரும்பிக்கொண்டது. மறுபடி வைத்து அழுத்தினார். நெற்றியில் வியர்த்தது.

கான்ட்ராக்டர் எழுந்து, அவருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சித்தப்பாவின் கையிலிருந்து குத்தூசியை வாங்கினார். அதன் முனையைத் தன் காதுக்குப் பின்னால், எண்ணெய் முடிக்குள் ஒரு தடவை உருவினார். இடது கட்டைவிரலைத் தோலுக்கு அடியில் கொடுத்து, குத்தூசியைச் சாய்த்து, ஒரு திருகு திருகி அழுத்தினார். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கிற்று. எடுத்து, முனையைத் தன் பக்கமாகத் திருப்பி, கைப்பிடியைச் சித்தப்பாவிடம் நீட்டினார்.

நீட்டிய பிறகுதான் அவர் தன் கையைப் பார்த்தார்.

அவர் மனைவி கண்ணை மூடித் திறந்தார். எண்ணெய்த் தலையில் ஊசியைத் தேய்த்ததற்கு வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். கான்ட்ராக்டர் நாற்காலிக்குத் திரும்பிப் போய், வேட்டியைச் சரிசெய்துகொண்டார். உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

சித்தப்பா மிச்சத்தைத் தைத்து முடித்தார். கடைசியில் இரண்டு தையல் பின்னோக்கிப் போட்டு, நூலை அறுத்து, குத்தூசியின் கைப்பிடிக் கட்டையால் தட்டிச் சமன்செய்து கொடுத்தார். கான்ட்ராக்டர் வாங்கி, நகத்தால் தையலை ஒரு தடவை வருடினார்.

"பக்கா" என்றார், சத்தமே இல்லாமல்.

"போட் நேரமாச்சுங்க" என்றார் அவர் மனைவி.

போட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவர்கள் கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு மழையிலேயே போனார்கள்.

வெகுநேரம் கழித்துச் சித்தப்பா, "அண்ணே, அவரு கை..." என்று ஆரம்பித்தார்.

"எனக்கும் கண்ணு இருக்கு" என்றார் அப்பா.

"அப்ப நல்லதாப் போச்சுல்ல?" என்றாள் அம்மா. அவள் குரலில் ஒரு புதுச் சந்தோஷம் இருந்தது. "நமக்கும் மறைக்க வேணாம், அவங்களுக்கும் மறைக்க வேணாம். இதவிட நல்ல இடம்..." அதற்குள் என்னைப் பார்த்துவிட்டாள். "நீ என்ன வாயப் பாத்துக்கிட்டு நிக்கிற? தட்டக் கழுவு."

அந்த வாரம் முழுக்கச் சித்தப்பா விசில் அடித்துக்கொண்டிருந்தார். அப்பாகூட ஒரு நாள் பின்கொட்டகையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பர்சின் விளிம்பைக் கண்ணாடித் துண்டால் தேய்த்துக் கொடுத்தார். அப்பாவுக்கும் அந்த வேலை தெரியும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

பதில், சம்பந்தம் கொண்டுவந்தவர் வழியாகவே வந்தது. பெண் மேலே படிக்க வேண்டும் என்கிறாளாம். இப்போதைக்குக் கல்யாணம் இல்லையாம்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "நம்ம ஆளுகதான்னு தெரிஞ்சும் ஏன் வேணாங்கிறாரு?"

"தெரிஞ்சதுனாலதான்" என்றார் சித்தப்பா. கூட்டைத் தைத்தபோது இருந்த அதே முகம். "அவரும் நம்மள மாதிரி ஓடி வந்தவரு அண்ணி. பொண்ணையாவது தூரமாக் கொண்டுபோய்ச் சேக்கணும்னு வந்திருப்பாரு. வந்த இடத்துல பழைய வாசல்லயே கொண்டாந்து விட்டா நிப்பாரா?"

"நீ அந்தப் பெட்டியத் தொடாம இருந்திருந்தா..." என்றார் அப்பா.

"இருந்திருந்தா அவரு நம்மள வேற யாரோன்னு நெனச்சு பொண்ணக் குடுத்திருப்பாரு. நம்மளும் அவர வேற யாரோன்னு நெனச்சு வாங்கியிருப்போம். அப்புறம் ஆயுசுக்கும் ரெண்டு வீடும் பெட்டிய ஒளிச்சு ஒளிச்சு வச்சுக்கிட்டே இருக்கணும்." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

மறுநாள் காலையில் சித்தப்பா மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். புது ஊசி போட்டு, பர்சின் ஓரத்தை அதில் ஓட்டிக்கொண்டிருந்தார். சேட்டுக்குச் சீக்கிரம் வேண்டும், மெஷினே போதும் என்றார். அவ்வளவு நாள் சண்டை போட்டவர் ஒரே ராத்திரியில் தோற்றுப் போனது எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்து, பின்கொட்டகைக்குக் கொண்டுபோகாமல், முன்வாசலில், ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கிற இடத்தில் சாக்கு விரித்து வைத்தாள்.

"எந்திரிங்க தம்பி. எனக்கு ஜாக்கெட் தைக்கணும்."

"அண்ணன்..."

"உங்க அண்ணன் ஒண்ணும் சொல்லமாட்டாரு. எனக்குத் தெரியும். எந்திரிங்க."

அப்பா வேலைக்குக் கிளம்பி வந்தவர், வாசலில் பாதங்களைச் சேர்த்து உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தார். கொஞ்சம் ஒதுங்கி, பெட்டியை மிதிக்காமல் தாண்டிப் போனார்.

என்னென்ன நடக்கும் என்று பெரியவர்கள் பயந்தார்களோ, அது எதுவும் நடக்கவில்லை. பக்கத்து வங்காளி மாமி மகனின் புத்தகப் பையைக் கொண்டுவந்து, "பையா, ஏ பட்டா லகா தோகே?" என்று கேட்டார். பிய்ந்திருந்த வாரைத் தைத்துத் தர முடியுமா என்று. சித்தப்பா தைத்துக் கொடுத்தார். அடுத்து ஒரு தெலுங்குக்காரர் கத்தி உறை கேட்டு வந்தார். கடைசியில் வேலை இரண்டாகப் பிரிந்தது. பர்சுக்கு உள்ளே வருகிற துணியும் மெல்லிய தோலும் அம்மாவின் மெஷினில். இழுபடுகிற விளிம்பும் மூலையும் சித்தப்பாவின் காலில். சேட்டுக்கு வேண்டியதும் கிடைத்தது. பிறகு சித்தப்பாவுக்கு வண்டூர்ப் பக்கம் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பெண் எடுத்தார்கள். அவர்கள் வீட்டிலிருந்து வந்தவர்கள் அவர் காலைப் பார்த்துவிட்டு, மருந்து ஏதாவது போடுகிறாரா என்று மட்டும் கேட்டார்கள்.

நான் முதன்முதலாக மெயின்லேண்டுக்குப் போனது வளர்ந்து பெரியவளான பிறகு, ஒரு சாவுக்கு. ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கித் தாகமாக இருந்தது. ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். அந்த அம்மாள் சிரித்த முகமாகச் செம்பில் கொண்டுவந்து, யார் வீட்டுக்குப் போகிறாய், எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். நீட்டிய செம்பு பாதியில் நின்றது. அவர் அதைத் திண்ணையில் வைத்துவிட்டு, கையைக் குவித்துப் பிடி, ஊற்றுகிறேன் என்றார். எங்கள் தெருவில் பரம்பரையாக எல்லோரும் தோல் வேலை செய்கிறவர்கள். கையைக் குவித்துக்கொண்டு நிற்கும்போது, அப்பா பெட்டியின் மேல் போட்ட துண்டு எனக்கு ஞாபகம் வந்தது.

ஆனால் இதெல்லாம் பின்னால். அந்த மழைக்காலம் முடிகிற சமயத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் அம்மாவோடு சாத்தத்துக்குப் போட்டில் போய்க்கொண்டிருந்தேன். எதிர் பெஞ்சில் கான்ட்ராக்டர் உட்கார்ந்திருந்தார். அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கடலைப் பார்க்க ஆரம்பித்தாள். அவரும் எங்களைப் பார்த்துவிட்டுக் கரையைப் பார்த்தார். கூட இருந்த ஆள் ஒரு காகிதத்தை நீட்டிப் படிக்கச் சொல்ல, அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்தார். அதே கூடு. கண்ணாடியைப் போட்டுப் படித்துத் திருப்பிக் கொடுத்த பிறகும் கூடு அவர் கையிலேயே இருந்தது. கட்டைவிரல் நகம் தையலின் மேல் ஒவ்வொன்றாகப் போய், மூலைக்கு வந்து, அவரே போட்ட அந்த ஓட்டையில் நின்றது. அதை இப்படியும் அப்படியும் நெருடிக்கொண்டே இருந்தார்.

எங்கே பிரிந்துவிடுமோ என்று பார்க்கிறார் என்று நான் நினைத்தேன். அது கைத்தையல், ஒன்று அறுந்தாலும் மற்றது பிரியாது என்று அவரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. எனக்கு அப்போதே கூச்சம் அதிகம். வாய் வரவில்லை. போட் கரையில் இடித்து நின்றதும் அவர் கூட்டைப் பையில் போட்டு, அதன் மேல் கையை வைத்து மூடிக்கொண்டு இறங்கிப் போனார். சொல்லியிருந்தால் அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.